ஒரு கோடி வரிகளை போஸ்ட்கிரெஸில் ஏற்றும்போது

ஜியோநேம்ஸ் உலகத்து இடப்பெயர்களை எல்லாம் திரட்டி இலவசமாகத் தருகிறது. நாட்டுக்கு ஒரு ஸிப் கோப்பு, எல்லா நாடுகளும் சேர்ந்த பெரிய கோப்பு ஒன்று. அந்தப் பெரிய கோப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வரிகள். வரிக்கு 19 புலங்கள், நடுவில் டேப், குறியாக்கம் யூடிஎஃப்-8, தலைப்பு வரி கிடையாது. டெக்ஸ்ட் கோப்பிலிருந்து டேட்டாபேஸுக்கு மொத்தமாக ஏற்றப் பழக இதைவிட நல்ல கோப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்களில் பாதி இதிலேயே இருக்கிறது. மீதி, எக்செலிலிருந்து வரும், புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்புகளில் வரும். அவற்றையும் இடையிடையே சொல்கிறேன். டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் எங்கே மாறுகிறது என்பது பின்னால் வரும்.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கான விடை சிறியது: வரி வரியாகச் சேர்க்கும் இன்சர்ட்டை விட்டுவிட்டு, மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளையைப் பயன்படுத்துங்கள். வரிக்கு ஒரு இன்சர்ட் அனுப்பினால், சர்வருக்குப் போய்வர ஒரு மில்லி விநாடி என்று வைத்தால்கூட, ஒரு கோடி வரிக்கு 10,000 விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம் பயணத்திலேயே போய்விடும். ஒவ்வொரு இன்சர்ட்டையும் சர்வர் தனித்தனியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் உறுதியாக்கும் ஆட்டோ கமிட் வேறு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வட்டில் எழுதி முடித்தாயிற்று என்று உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டும். காப்பியில் கட்டளை ஒன்று, பரிவர்த்தனை ஒன்று. வரிகள் ஓடையாக வந்துகொண்டே இருக்கும், சர்வர் அவற்றைக் கட்டுக்கட்டாகப் பக்கங்களில் வைக்கும்.

ஆனால் இந்த வேலையில் உண்மையில் நேரத்தைத் தின்பது பிழை செய்தியே இல்லாமல் தப்பாக உள்ளே போய் உட்காரும் தரவு. பிழை காட்டி நின்றால் நல்லது, பார்த்துச் சரி செய்துவிடலாம். சத்தமில்லாமல் போனது மூன்று மாதம் கழித்து அறிக்கையில் தெரியும். கீழே சொல்வதெல்லாம் அந்தச் சத்தமில்லாத வகையைப் பிடிப்பதற்காகத்தான்.

முதலில் கோப்பைப் பாருங்கள்

ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கோப்போடு செலவழியுங்கள். லினக்ஸில் 'ஃபைல்' கட்டளை குறியாக்கத்தை ஓரளவு ஊகித்துச் சொல்லும், வரிமுடிவு விண்டோஸ் வகையா என்பதையும் சொல்லும். 'ஹெட்' கொண்டு முதல் சில வரிகளை எடுத்து பதினாறடிமான வடிவில், அதாவது ஹெக்ஸில், பாருங்கள். தொடக்கத்தில் மூன்று பைட்டுகள் பைட் வரிசைக் குறியாக உட்கார்ந்திருந்தால் (எக்செலின் 'யூடிஎஃப்-8 சிஎஸ்வி' இப்படித்தான் எழுதும்) அதை நீக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் அதைத் தானாக நீக்காது. தலைப்பு வரி இல்லாத கோப்பில் அந்தக் குறி முதல் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். "இது முழு எண் இல்லை" என்று பிழை வரும். பிழையில் காட்டும் எண்ணோ கண்ணுக்கு முற்றிலும் சரியாகத் தெரியும். ஒரு பைட் விட்டு ஒரு பைட் சுழியமாக இருந்தால் கோப்பு யூடிஎஃப்-16. 'ஐகான்வ்' வைத்து மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்தது புல எண்ணிக்கை. 'ஆக்' கட்டளைக்கு டேப்பைப் பிரிப்பானாகக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் எத்தனை புலங்கள் என்று அச்சிடச் சொல்லி, அதை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஜியோநேம்ஸ் கோப்புக்கு விடையில் 19 என்ற ஒரே எண் வர வேண்டும். 18, 20 என்று இரண்டு மூன்று வரிகள் தலைகாட்டினால் அவற்றை இப்போதே தனியாக எடுத்துப் பாருங்கள். மேற்கோள் குறிகளுக்குள் பிரிப்பானும் வரிமுடிவும் வரக்கூடிய சிஎஸ்விக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு பைத்தானின் சிஎஸ்வி தொகுதியை வைத்துப் பத்து வரி நிரல் எழுதி எண்ணுங்கள்.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் வழியாகப் படித்துவிட்டு ஏற்றலாமே என்று தோன்றும். தொகுப்பு சிறியதென்றால் தவறில்லை. ஆனால் அது வகைகளைத் தானாக ஊகிக்கும். நமீபியாவின் நாட்டுக் குறி 'என்ஏ'. பாண்டாஸ் அதை 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொண்டு காலியாக்கிவிடும். ஒரு நாடு முழுவதும் குறி இல்லாமல் போகும். இந்தியாவின் மாநிலக் குறிகளில் டெல்லிக்கு 07. அது வெறும் 7 ஆகிவிடும். இயல்பான வெற்று அடையாளங்களை எடுத்துக்கொள்ளாதே என்றும், எல்லா நெடுவரிசையையும் எழுத்தாகவே படி என்றும் வெளிப்படையாகச் சொன்னால்தான் நிற்கும்.

எல்லாவற்றையும் எழுத்தாக ஏற்றுங்கள்

கோப்பை நேராக இறுதி டேபிளுக்குள் ஏற்றாதீர்கள். ஸ்டேஜிங் டேபிள் ஒன்று, அதாவது தரவை முதலில் இறக்கிவைத்துச் சரிபார்க்கும் இடைநிலை டேபிள், உருவாக்குங்கள். கோப்பில் எத்தனை புலமோ அத்தனை நெடுவரிசை, அத்தனையும் டெக்ஸ்ட் வகை. எண், தேதி, கட்டுப்பாடு, இண்டெக்ஸ் எதுவும் வேண்டாம். கூடவே தானாக ஏறும் வரிசை எண் நெடுவரிசை ஒன்று வையுங்கள். காப்பி கட்டளையில் நெடுவரிசைப் பட்டியலைக் கொடுத்து இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் அது தன்பாட்டுக்கு 1, 2, 3 என்று நிரம்பும். பிறகு "சிக்கல் எங்கே" என்றால் கோப்பின் வரி எண்ணையே சொல்ல முடியும்.

காரணம் இதுதான். காப்பி ஒரே மூச்சில் நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. தொண்ணூறு லட்சமாவது வரியில் ஒரு தேதி தப்பாக இருந்தால் முழுவதும் ரத்து. அதுவரை எழுதிய வரிகள் வட்டில் செத்த வரிகளாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், வேக்யூம் ஓடித்தான் அந்த இடம் திரும்பவும் பயன்படும். சரி செய்து மறுபடி ஏற்றினால் தொண்ணூற்றொரு லட்சத்தில் அடுத்த பிழை. எல்லாம் எழுத்தாக இருந்தால் வகை மாற்றத்தில் தோற்க எதுவுமே இல்லை. ஒரே ஓட்டத்தில் கோப்பு உள்ளே வந்துவிடும், பிறகு எல்லாப் பிழைகளையும் எஸ்க்யூஎல் கேள்விகளால் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

போஸ்ட்கிரெஸ் 17இல் பிழையான வரியைத் தாண்டிப் போகும் வசதி காப்பிக்கு வந்திருக்கிறது. எத்தனை வரி வரைக்கும் பொறுத்துக்கொள்வது என்ற வரம்பு 18இல் வந்தது. அது வகை மாற்றப் பிழைகளை மட்டும்தான் தாண்டும். புலம் கூடினாலோ குறைந்தாலோ, தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ முன்போலவே நின்றுவிடும். இந்த வசதி இருந்தும் ஸ்டேஜிங் டேபிளையே நான் பரிந்துரைக்கிறேன். தாண்டிய வரி பதிவேட்டில் ஒரு குறிப்பாகத்தான் மிஞ்சும்; ஸ்டேஜிங்கில் அந்த வரியே கையில் இருக்கும்.

காப்பியில் இரண்டு உண்டு. வெறும் காப்பிக்குக் கோப்பின் பாதை கொடுத்தால் சர்வர் தன் வட்டில் தேடும், உங்கள் கணினியில் தேடாது. அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் போட்டு எழுதும் காப்பி, உங்கள் கணினியில் உள்ள கோப்பைப் படித்து இணைப்பு வழியே அனுப்பும். "கோப்பு இல்லை" என்ற பிழையில் தொடங்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இவ்விரண்டையும் மாற்றிப் போட்டதால் வருவது. பேக்ஸ்லாஷ் வடிவத்தை ஒரே வரியில் எழுதி முடிக்க வேண்டும், அடுத்த வரிக்கு மடக்கினால் எடுத்துக்கொள்ளாது. ஸிப் கோப்பைப் பிரித்து வட்டில் வைக்கவும் தேவையில்லை. கோப்புப் பெயருக்குப் பதில் 'புரோகிராம்' என்று போட்டு, பிரித்துத் திரைக்கு அனுப்பும் கட்டளையைக் கொடுத்தால் அதன் வெளியீட்டை அப்படியே படித்துக்கொள்ளும்.

மேற்கோள் குறி விழுங்கும் வரிகள்

இதற்கு மட்டும் கொஞ்சம் நிதானமாக நேரம் கொடுங்கள். ஒரு ஹார்டுவேர் கடையின் பொருள் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

101,2" பைப்,450
102,எல்போ,35
103,டீ,48
104,வால்வு,220
105,கப்ளிங்,30
106,டேப் ரோல்,15
107,4" பைப்,900

அங்குலத்தைக் குறிக்க இரட்டை மேற்கோள் குறி. மூன்று புலங்கள், ஏழு வரிகள். இதை சிஎஸ்வி வடிவில் ஏற்றினால் பிழையே வராது. டேபிளில் ஒரே ஒரு வரி இருக்கும். முதல் வரியின் மேற்கோள் குறியைப் பார்த்ததும் போஸ்ட்கிரெஸ் "மேற்கோள் திறந்தது" என்று எடுத்துக்கொள்ளும். புலத்தின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். அடுத்த மேற்கோள் குறி ஏழாவது வரியில்தான் வருகிறது. நடுவில் உள்ள காற்புள்ளி, வரிமுடிவு எல்லாம் பொருளின் பெயருக்குள் போய்விடும். ஏழாவது வரியில் மூடிய பிறகு மிச்சமிருப்பது ' பைப்', அதன் பின் காற்புள்ளி, 900. ஆக 101 என்ற பொருள், பெயரில் ஆறு வரிகளை விழுங்கிக்கொண்டு, 450க்குப் பதில் 900 ரூபாய் விலையோடு உள்ளே உட்காரும். புல எண்ணிக்கை மூன்று, கணக்குச் சரி, அதனால் புகார் இல்லை. மேற்கோள் குறிகளின் மொத்தம் ஒற்றைப்படை என்றால்தான் கோப்பின் முடிவில் "மேற்கோள் மூடப்படவில்லை" என்று பிழை வரும். இரட்டைப்படை என்றால் தப்பித்துப் போய்விடும்.

பிடிப்பது எளிது. ஸ்டேஜிங் டேபிளின் வரி எண்ணிக்கையைக் கோப்பின் வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எந்தப் புலத்துக்குள்ளாவது வரிமுடிவு எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான மதிப்பை எடுத்துக் கண்ணால் பாருங்கள். இந்த மூன்றையும் ஒருபோதும் விடாதீர்கள்.

சரி செய்வதற்கு இரண்டு வழி. கோப்பை அனுப்புகிறவர் முறையான சிஎஸ்வி எழுத வேண்டும்: புலத்தை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே வரும் மேற்கோளை இரட்டிப்பாக்க வேண்டும். சிஎஸ்வி வடிவை விவரிக்கும், 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் சொல்வதும் இதைத்தான். அது நடக்காது, கோப்பில் மேற்கோளுக்கு எந்தச் சிறப்புப் பொருளும் இல்லை என்றால், கோப்பில் வரவே வாய்ப்பில்லாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தை, எடுத்துக்காட்டாக 1 என்ற குறியீட்டு எண் உள்ள எழுத்தை, மேற்கோள் குறி இதுதான் என்று காப்பியிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் இரட்டை மேற்கோள் அதற்குச் சாதாரண எழுத்து.

ஜியோநேம்ஸ் கோப்பும் இந்த வகைதான். மேற்கோள் என்ற ஏற்பாடே இல்லாத டேப் கோப்பு அது. "டேப் கோப்பென்றால் காப்பியின் டெக்ஸ்ட் வடிவம் போதுமே" என்று தோன்றும். டெக்ஸ்ட் வடிவத்தில் மேற்கோள் தொல்லை இல்லை, ஆனால் பேக்ஸ்லாஷுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு புலம் பேக்ஸ்லாஷில் முடிந்தால் அதன் பின் வரும் டேப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளப்படாது. இரண்டு புலங்கள் ஒட்டிக்கொள்ளும், கடைசி நெடுவரிசைக்குத் தரவு இல்லை என்று பிழை வரும். அதனால் இத்தகைய கோப்புகளுக்கு நான் விரும்புவது சிஎஸ்வி வடிவம், பிரிப்பான் டேப், மேற்கோள் குறியாக அந்தக் கட்டுப்பாட்டு எழுத்து. பேக்ஸ்லாஷும் மேற்கோளும் இரண்டுமே அப்போது வெறும் எழுத்துகள்.

வெற்றிடமும் 'நல்' (NULL) மதிப்பும்

417,"வடக்குத் தெரு, மேலூர்",,""

இந்த வரியில் மூன்றாவது புலமும் நான்காவது புலமும் கண்ணுக்கு இரண்டுமே காலி. சிஎஸ்வி வடிவத்தில் மூன்றாவது நல், அதாவது 'மதிப்பே இல்லை' என்பது, நான்காவது நீளம் சுழியமான எழுத்துச்சரம். டெக்ஸ்ட் வடிவத்திலோ பேக்ஸ்லாஷோடு பெரிய 'என்' எழுதினால்தான் நல். காலிப் புலம் வெற்றுச் சரமாகவே போகும். ஜியோநேம்ஸில் கடல்மட்ட உயரம் என்ற புலம் பெரும்பாலான வரிகளில் காலி. அதை முழு எண் நெடுவரிசைக்கு நேராக டெக்ஸ்ட் வடிவில் ஏற்றினால் வெற்றுச் சரத்தை எண்ணாக்க முடியவில்லை என்று முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். ஸ்டேஜிங்கிலிருந்து எடுக்கும்போது ஓரத்து வெற்றிடங்களைக் களைந்து, வெற்றுச் சரத்தை நல் ஆக்கும் 'நல்இஃப்' சார்பு வழியாகவே எல்லாவற்றையும் எடுங்கள். எந்த வடிவில் ஏற்றினோம் என்ற கவலை விடும்.

தரவின் பொருளையும் பாருங்கள். அதே கோப்பில் மக்கள்தொகை தெரியாத இடங்களுக்கு 0 என்று இருக்கும். அதை அப்படியே வைத்துச் சராசரி எடுத்தால் விடைக்குப் பொருளே இல்லை. இறுதி டேபிளில் அந்த 0 நல் ஆக மாற வேண்டும். இதைக் காப்பியின் எந்தத் தேர்வும் செய்து தராது.

தமிழ் எழுத்து உள்ள கோப்புகள்

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'தமிழ்நாடு' என்ற சொல் ஒன்பது குறியீடுகள், 27 பைட்டுகள். போஸ்ட்கிரெஸில் வார்கேரக்டர் (நீள வரம்புள்ள எழுத்து வகை) நீளம் எழுத்துக் கணக்கு. ஆரக்கிளில் எதுவும் சொல்லாவிட்டால் நீளம் பைட் கணக்கு. 30 என்று வைத்த நெடுவரிசையில் பத்துத் தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் ஏறாது.

விண்டோஸில் பிஎஸ்க்யூஎல் திறந்து, குறியாக்கம் எதுவும் சொல்லாமல் யூடிஎஃப்-8 கோப்பை ஏற்றினால், கிளையன்ட் குறியாக்கம் விண்டோஸ்-1252 ஆக இருக்க வாய்ப்புண்டு. அப்போது தமிழின் புள்ளிதான் காப்பாற்றும். புள்ளியின் மூன்று பைட்டுகளில் கடைசியானது ஹெக்ஸில் 8டி. விண்டோஸ்-1252இல் அந்த இடம் காலி. எனவே மெய்யெழுத்து வந்த முதல் வரியிலேயே "8டி என்ற பைட்டுக்கு இணை இல்லை" என்று பிழை வந்து நின்றுவிடும். அந்தப் பிழையைப் பார்த்துக் குறியாக்கத்தை லத்தீன்-1 என்று மாற்றிவிடாதீர்கள். இணையத்தில் இந்த யோசனை அடிக்கடி கண்ணில் படும். லத்தீன்-1இல் 256 பைட்டுக்கும் இடம் உண்டு, அதனால் எதையும் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று அன்னிய எழுத்தாக உடைந்து உள்ளே போகும். தலையில் சாய்கோடு போட்ட 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஏற்றும் கட்டளையிலேயே குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள், எப்போதும். ஏற்கெனவே உடைந்துபோன நெடுவரிசையை மீட்கலாம்: மதிப்பை லத்தீன்-1 பைட்டுகளாக மாற்றி, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று மறுபடி படிக்கச் சொன்னால் தமிழ் திரும்பி வந்துவிடும்.

கேள்விக்குறிகளாக வந்த கோப்பை மீட்க முடியாது. எக்செலில் 'யூடிஎஃப்-8' என்று இல்லாத பழைய சிஎஸ்வி வகையைத் தேர்ந்து சேமித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகவே கோப்பில் எழுதப்படும். டேட்டாபேஸ் பக்கத்தில் எதுவும் செய்வதற்கில்லை, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். எக்செல் செய்யும் இன்னொரு காரியம்: 12 இலக்க எண்ணைத் திரையில் அடுக்குக்குறி வடிவில் காட்டும், சிஎஸ்வியிலும் அப்படியே எழுதிவிடும். ஆதார் எண்ணுக்குச் சரியாக 12 இலக்கம். 15 இலக்கத்துக்கு மேற்பட்டதில் மிச்ச இலக்கங்கள் சுழியமாகிவிடும், வங்கி அட்டை எண்கள் இப்படித்தான் கெடுகின்றன. ஸ்டேஜிங்கில் அடுக்குக்குறி வடிவ எண் ஒன்று கண்ணில் பட்டால் அந்த நெடுவரிசை முழுவதையும் நம்பாதீர்கள்.

பெயர்களை வைத்து டேபிள்களை இணைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு படி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, டேபிளுக்கு இரண்டும் வெவ்வேறு. 'கொடைக்கானல்' இரண்டு வரியாக நிற்கும், தனித்துவ இண்டெக்ஸும் தடுக்காது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள 'நார்மலைஸ்' சார்பு இதை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். ஸ்டேஜிங்கிலிருந்து எடுக்கும்போதே அதையும் போட்டுவிடுங்கள். ஆனால் 'கௌரி', 'கெளரி' வேறுபாட்டை அது தீர்க்காது. இரண்டாவதில் இருப்பது எகரக் குறியும் ளகரமும். யூனிகோடின் கண்ணில் அது வேறு சொல்லேதான். 'ஸ்ரீ'யும் அப்படி: 'ஸ' வைத்து எழுதியதும் 'ஶ' வைத்து எழுதியதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். இவற்றுக்கு நாமே மாற்று விதி எழுத வேண்டும். 'கெள' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'கௌ' ஆக்காதீர்கள். 'கெளுத்தி' கெட்டுவிடும், ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதைத் தொடக் கூடாது.

ஸ்டேஜிங்கிலிருந்து இறுதி டேபிளுக்கு

தேதிதான் இங்கே பெரிய ஆபத்து. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. போஸ்ட்கிரெஸின் தேதி அமைப்பு மாதம் முதலில் என்று இருந்தால் அது மார்ச் 4. இரண்டுமே செல்லுபடியாகும் தேதி, பிழை வராது. 13/04/2024 வரும்போதுதான் 13ஆவது மாதம் இல்லை என்று நிற்கும். முதல் பன்னிரண்டு நாள் தரவு மட்டும் உள்ள கோப்பில் கடைசி வரை தெரியாது. வெறும் வகை மாற்றத்தை நம்பாமல், 'டு-டேட்' சார்பில் நாள், மாதம், ஆண்டு என்ற வடிவத்தை எழுதியே மாற்றுங்கள். 1,25,000.00 என்று காற்புள்ளியோடு வரும் தொகையில் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு எண்ணாக்குங்கள்.

மாற்றுவதற்கு முன்பே எது மாறாது என்று தெரிந்துகொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் 16இல், ஒரு சரம் குறிப்பிட்ட வகைக்குச் செல்லுமா என்று ஆம்/இல்லை விடை தரும் சார்பு வந்திருக்கிறது. பழைய பதிப்பென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதும். மாறாத வரிகளை, ஏன் மாறவில்லை என்ற குறிப்போடு தனி டேபிளில் தள்ளுங்கள். ஸ்டேஜிங்கில் உள்ள எண்ணிக்கை, ஏறியதும் தள்ளியதும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். தொகை நெடுவரிசை இருந்தால் மூலத்தில் உள்ள கூட்டுத்தொகையோடும் சரிபாருங்கள்; எண்ணிக்கை பொருந்தியும் தொகை பொருந்தாமல் போவதுண்டு.

ஏற்கெனவே உள்ள வரியைப் புதுப்பித்து, இல்லாததைச் சேர்ப்பதென்றால் 'ஆன் கான்ஃப்ளிக்ட்'. ஒரே சாவி ஸ்டேஜிங்கிலேயே இரண்டு முறை வந்தால் "அதே வரியை இரண்டாம் முறை தொட முடியாது" என்று அது மறுத்துவிடும். சாவிக்கு ஒரு வரி மட்டும் வருமாறு முதலில் வடிகட்டுங்கள். எதை வைத்துக்கொள்வது என்ற முடிவுக்குத் தானாக ஏறிய அந்த வரிசை எண் உதவும், பெரும்பாலும் கோப்பில் கடைசியாக வந்ததே சரியானது.

வேகம் போதவில்லை என்றால்

ஸ்டேஜிங் டேபிளை 'அன்லாக்டு' வகையில் உருவாக்குங்கள். அதற்கான மாற்றங்கள் முன்பதிவேட்டில் (எல்லா மாற்றங்களையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு, WAL) எழுதப்படுவதில்லை, எழுதும் வேலை குறைகிறது. சர்வர் எதிர்பாராமல் விழுந்தால் அந்த டேபிள் காலியாகிவிடும், நகல் சர்வரான ரெப்ளிகாவுக்கும் போகாது. ஸ்டேஜிங்குக்கு இரண்டும் பரவாயில்லை, கோப்பு கையில் இருக்கிறது. இறுதி டேபிளையே இப்படி உருவாக்கிவிட்டுப் பிறகு சாதாரண வகைக்கு மாற்றினால் அப்போது முழு டேபிளும் பதிவேட்டில் எழுதப்படும். லாபம் ஒன்றுமில்லை.

இறுதி டேபிள் புதியதென்றால் இண்டெக்ஸுகளையும் அயல் சாவிகளையும் ஏற்றி முடித்த பிறகு போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இண்டெக்ஸைத் திருத்துவதைவிட மொத்தத்தையும் வரிசைப்படுத்தி ஒரே முறை கட்டுவது வேகம். கட்டுவதற்கு முன் அந்த அமர்வுக்கு மட்டும் பராமரிப்பு நினைவகத்தை, இயல்பான 64 எம்பியிலிருந்து ஒரு ஜிபி அளவுக்கு உயர்த்துங்கள். ஏற்கெனவே பத்துக் கோடி வரி இருக்கும் டேபிளில் ஒரு லட்சம் வரி சேர்க்க இண்டெக்ஸைக் கழற்றாதீர்கள். திரும்பக் கட்டவே அதிக நேரம் ஆகும், அதுவரை மற்றவர்களின் கேள்விகளும் தவிக்கும். முன்பதிவேட்டின் உச்ச அளவு இயல்பாக ஒரு ஜிபி. பெரிய ஏற்றத்தில் அது நிரம்பி நிரம்பி செக்பாயின்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் வேலை) அடிக்கடி வரும், சர்வர் பதிவில் எச்சரிக்கையும் வரும். எட்டு அல்லது பதினாறு ஜிபி என்று உயர்த்திவிட்டு வேலை முடிந்ததும் இறக்கிவிடுங்கள். எழுதியது வட்டில் சேர்ந்ததா என்று உறுதி செய்யும் 'எஃப்சிங்க்' என்ற அமைப்பை அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். கூடும்தான், ஆனால் நடுவில் மின்சாரம் போனால் அந்த சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸும் கெட்டுப்போகலாம். அதைத் தொடாதீர்கள்.

ஒரு காப்பி கட்டளைக்கு ஒரு புராசஸ்தான். ஓய்வாக உள்ள மையச் செயலிகளைப் பயன்படுத்தக் கோப்பை வரி உடையாமல் நான்காகப் பிரித்து நான்கு இணைப்புகளில் ஏற்றலாம். புலத்துக்குள் வரிமுடிவு வரும் சிஎஸ்வியை இப்படிப் பிரிக்கக் கூடாது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போஸ்ட்கிரெஸ் 14 முதல் காப்பிக்கு முன்னேற்றக் காட்சி ஒன்று இருக்கிறது. பேக்ஸ்லாஷ் வடிவத்தில் ஏற்றும்போது மொத்த அளவு 0 என்று காட்டும், ஏறிய வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

மற்ற டேட்டாபேஸ்களில்

மைஎஸ்க்யூஎல்லின் 'லோட் டேட்டா'வில் 'லோக்கல்' சேர்த்தால் பிழைகள் எச்சரிக்கைகளாகச் சுருங்கிவிடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் புலம் வந்தால் 0 போட்டுக்கொண்டு நகரும். முடிந்ததும் எச்சரிக்கை எண்ணிக்கையைப் பார்க்காமல் இணைப்பை மூடாதீர்கள். பதிப்பு 8 முதல் லோக்கல் வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். சர்வரிலும் கிளையன்ட்டிலும் திறக்க வேண்டும். அமர்வின் குறியாக்கத்தை மாற்றினாலும் இந்தக் கட்டளை அதைக் கண்டுகொள்ளாது, டேட்டாபேஸின் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். கட்டளைக்குள்ளேயே எழுதுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் 'பல்க் இன்சர்ட்' சொல்லாவிட்டால் அயல் சாவியையும் செக் கட்டுப்பாட்டையும் சோதிக்காது. அவை நம்பத்தகாதவை என்று குறிக்கப்பட்டுவிடும். ஆரக்கிளின் லோடரில் நீளம் குறிப்பிடாத புலம் 255 என்று எடுத்துக்கொள்ளப்படும், முகவரிகளும் குறிப்புகளும் அங்கேதான் நிராகரிக்கப்படுகின்றன. எஸ்க்யூலைட்டின் இம்போர்ட் காலிப் புலத்தை வெற்றுச் சரமாகவே வைக்கும்.

ஏற்றி முடித்த பிறகு

'வேக்யூம் அனலைஸ்' ஓட்டுங்கள். தானியங்கி வேக்யூம் பிறகு வரும்தான், ஆனால் அது வரும்வரை எந்த மதிப்பு எவ்வளவு என்ற புள்ளிவிவரம், கேள்வியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதிக்குத் தெரியாது. ஒரு நிபந்தனைக்கு எத்தனை வரி வரும் என்று தப்பாக ஊகித்து, டேபிள்களைச் சேர்க்கத் தப்பான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். "ஏற்றியதிலிருந்து அறிக்கை மெதுவாகிவிட்டது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடையாள எண்களைக் கோப்பிலிருந்தே ஏற்றியிருந்தால் அந்த நெடுவரிசைக்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் இன்னும் 1இலேயே நிற்கும். காப்பி அதை நகர்த்தாது. செயலியிலிருந்து வரும் முதல் புதிய வரி 1 என்ற எண்ணைக் கேட்கும், சாவி ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கப்படும். மறுபடி முயன்றால் 2, அதுவும் மறுக்கப்படும். கோப்பின் எண்களில் இடைவெளி இருந்தால் இன்னும் மோசம், சில வரிகள் உள்ளே போகும், சில போகாது, என்ன நடக்கிறது என்றே பிடிபடாது. 'செட்வால்' சார்புக்கு அந்த நெடுவரிசையின் மிகப்பெரிய மதிப்பைக் கொடுத்து ஓட்டிவிட்டால் அடுத்த வரி அதற்கு மேலிருந்து தொடங்கும். இதை ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக எழுதிவைத்துவிடுங்கள்.